பெயர்த்தெழுதுகிறவன் கடன்

ஒரு கிராமத்து இடுகாட்டில் இருக்கும் கல்லறை வாசகங்களை ஒன்றுவிடாமல் நோட்டுப் புத்தகத்தில் பெயர்த்தெழுதுவது நல்ல காரியம் என்பதில் யாருக்கும் அபிப்பிராய பேதம் இராது. எல்லோரும் நல்ல காரியம் என்று ஒப்புக்கொண்டுவிட்ட விஷயங்களில்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது. இங்கிலாந்தில் இது ஒரு இயக்கமாகவே நடந்திருக்கிறது. அங்கே கவுண்டிகளில் தோன்றிய குடும்ப வரலாற்றுச் சங்கங்களுக்கு 1974-ல் ஒரு கூட்டமைப்பு ஏற்பட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் விடுமுறை நாட்களில் கிராமத்துச் சர்ச் வளாகங்களில் மண்டியிட்டு, மழையும் பாசியும் தின்றது போக மிஞ்சிய எழுத்துக்களைப் படித்து எழுதினார்கள். இன்று அதே வேலையைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து இணையத்தில் ஏற்றுகிறவர்கள் செய்கிறார்கள். பாட்டனுக்குப் பாட்டனைத் தேடுகிற ஒருவர், இருந்த இடத்திலிருந்தே அவன் கல்லைப் பார்த்துவிடலாம்.

இதில் மூன்று பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். தேடுகிறவன், பெயர்த்தெழுதுகிறவன், கல்லின் கீழே இருப்பவன். தேடுகிறவனுக்கு என்ன வேண்டும் என்பது தெளிவு. கீழே இருப்பவனைக் கேட்க முடியாது. நடுவில் இருப்பவன் யாருக்குக் கடமைப்பட்டவன் என்பதுதான் என் கேள்வி. இது சிறிய கேள்விதான். ஆனால் எழுதுகிறவன் யாருக்குக் கடமைப்பட்டவன் என்று நாம் ஓயாமல் விவாதித்துக்கொண்டிருக்கும் பெரிய கேள்வியைவிட இதைக் கையில் பிடிப்பது சுலபம். கல்லும் பென்சிலும் காகிதமும் மட்டுமே இருக்கின்றன. தரிசனம், உள்ளொளி என்ற பேச்சுக்கெல்லாம் இங்கே இடம் குறைவு.

பி.ஏ. வகுப்பில் தாமஸ் கிரே 1751-ல் வெளியிட்ட கிராமத்து இடுகாட்டு இரங்கற்பாவை எங்களுக்கு நடத்தினார்கள். ஏழைகளின் மேல் கவிஞனுக்கு இருந்த கருணை என்று குறிப்பெடுத்துக்கொண்டு பரீட்சை எழுதினோம். பிறகு தனியாகப் படித்தபோது அந்தக் கருணை வேறு மாதிரி தெரிந்தது. அங்கே புதைந்திருக்கும் உழவர்களுக்கு மேன்மை அடையச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. அதே காரணத்தால் பெரிய பாவங்கள் செய்யவும் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை என்கிறது கவிதை. இரண்டையும் ஒன்றுக்கொன்று கழித்துக் கணக்கை நேர் செய்துவிடுகிறார் கிரே. அவர்களுடைய பெயரின்மை ஒரு ஆறுதலாகிவிடுகிறது. அதற்குப் பிறகு கவிதை எங்கே போய் முடிகிறது என்பது முக்கியம். கவிஞனுடைய சொந்தக் கல்லறை வாசகத்தில் போய் முடிகிறது. பெயரில்லாதவர்களைப் பற்றி ஆரம்பித்த கவிதை, எழுதியவனுக்கு ஒரு கல் நட்டுவிட்டு நிற்கிறது. (ஸ்டோக் போஜஸ் சர்ச்சில் கிரேயைத் தாயின் கல்லறையிலேயே புதைத்தார்கள். தாய்க்காக அவர் எழுதிய வாசகம் அந்தக் கல்லில் இருக்கிறது. அவர் அங்கே இருக்கிறார் என்று சொல்லும் பலகை எதிரே சர்ச் சுவரில் இருக்கிறது. கவிதையை நன்றாகப் படித்திருந்த யாரோ செய்த ஏற்பாடு போலிருக்கிறது.)

கிரே பெயர்த்தெழுதவில்லை. அவர் அங்கே நின்று யோசித்தார். அந்த இடுகாட்டில் எத்தனை மேடுகள், எவற்றில் மரப்பலகை, எதில் எழுத்துப்பிழை என்பதெல்லாம் அவர் கவிதையிலிருந்து நமக்குக் கிடைப்பதில்லை. கவிதைக்கு அது தேவையில்லை என்று சொல்லலாம். நான் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் பக்கத்தில் இந்த வேலையின் சரித்திரம் பழையது. அலெக்சாண்டர் ரீ 1897-ல் சென்னை மாகாணத்து ஒல்லாந்தர் சின்னங்களைப் பற்றிப் படங்களோடு ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். 1905-ல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்தார். இன்றைக்கும் இந்த விஷயத்தில் யாரும் முதலில் கையை நீட்டி எடுக்கும் புத்தகம் அதுதான். ஆனால் அதன் நீண்ட தலைப்பிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: சரித்திர அல்லது புதைபொருள் முக்கியத்துவம் உடைய கல்லறைகள். அதாவது, எது முக்கியம் என்று ஒருவர் முதலில் தீர்மானித்துவிட்டார். தளபதியும் கவர்னரும் உள்ளே வருவார்கள். சார்ஜெண்டின் இரண்டு வயதுக் குழந்தை வருவதும் வராததும் அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது. 1976-ல் தியான் வில்கின்சன் லண்டனில் தொடங்கிய தெற்காசிய இடுகாடுகளுக்கான பிரிட்டிஷ் சங்கம் இன்னும் பரந்த நோக்கோடு வேலை செய்தது. அதற்கும் ஒரு எல்லை அதன் பெயரிலேயே இருக்கிறது. தன் மக்களைத் தேடித்தான் அது வந்தது. அதில் குற்றம் காண நான் விரும்பவில்லை. நாம் நம் மக்களைத் தேடி எந்த இடுகாட்டுக்கும் போகவில்லை.

இங்கிலீஷ் கிராமத்துச் சங்கங்களின் முறை காட்டனுடையதைவிட எளிமையானது, அதனாலேயே கடுமையானது. முதலில் இடுகாட்டின் வரைபடம் போடு. ஒவ்வொரு கல்லுக்கும் எண் கொடு. கல் இல்லாத மேட்டையும் படத்தில் குறி. கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதே, சாக்பீஸ் தடவாதே. கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படி. இருப்பதை இருக்கிறபடி எழுது, பிழையைத் திருத்தாதே. எந்தக் கல் யாருக்கு உபயோகம் என்று பார்க்காதே, வரிசையாகப் போ. இந்த விதிகளை எழுதியவர்கள் தத்துவவாதிகள் இல்லை. பாதி இடுகாட்டை எழுதி வைத்தால் அடுத்த ஆள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது என்ற நடைமுறைக் கஷ்டத்தில் பிறந்த விதிகள் அவை. ஆனால் ‘வரிசையாகப் போ’ என்பதில் ஒரு தார்மீகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் இதில் இறங்கியது பழவேற்காட்டில். ஒல்லாந்து தேசத்தில் இருக்கும் ஒருவர், பொது நண்பர் மூலமாக, தன் குடும்பப் பெயர் கொண்ட ஒரு கல் அங்கே இருக்கிறதா என்று பார்த்து எழுத முடியுமா என்று கேட்டிருந்தார். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைநகர் அதுதான். 1781-ல் நாகப்பட்டினத்தை இங்கிலீஷ்காரர்கள் பிடித்த பிறகு மறுபடி முக்கியத்துவம் வந்து, 1825-ல் எல்லாம் இங்கிலீஷ்காரர் கைக்குப் போயிற்று. கோட்டை இன்று முட்செடியும் மண்மேடும். இடுகாடு நன்றாக இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் சுற்றுச்சுவருக்குள் எழுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கின்றன. ஏரிக்கரை மீன் வாடையிலும் உப்புக் காற்றிலும் அவை ஒன்றும் பயமுறுத்துவதாக இல்லை. சலித்துப்போன வாயிற்காவலர்களைப்போல நிற்கின்றன.

நாலு ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். ஒல்லாந்து மொழி எனக்குத் தெரியாது. தெரியாததில் ஒரு அனுகூலம் இருந்தது. அர்த்தம் தெரிந்த வாசகத்தைப் பெயர்த்தெழுதும்போது கண் முந்திக்கொண்டு போய்விடும். இரண்டு எழுத்தைப் பார்த்ததும் மூன்றாவதை மனசு எழுதிவிடும். அர்த்தம் தெரியாதபோது ஒவ்வொரு எழுத்தாகத்தான் போக வேண்டும். நம் கோயில் கல்வெட்டுக்களில் எழுத்தைக் கல்லுக்குள் வெட்டுவார்கள். இங்கே சுற்றியுள்ள கல்லைச் செதுக்கிவிட்டு எழுத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்கலாம். பெயர், பிறந்த ஊர், கம்பெனியில் வகித்த பதவி – இளநிலை வணிகர், தலைமை வணிகர் என்று படிகள் – இறந்த தேதி. சில கற்களில் வயதை வருஷம், மாசம், நாள் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறது. பாங்கில் வட்டி கணக்கிடுகிறவனுக்கு இந்த நாள் கணக்கு உடனே பிடித்துப்போகும். ஒரு குழந்தையின் கல்லில் இது வரும்போது, கணக்கில் ஒரு நாளைக்கூட விடக்கூடாது என்ற பெற்றோரின் பிடிவாதமாக மாறிவிடுகிறது.

இரண்டாவது ஞாயிறு, சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஊர்க்காரர் கேட்டார்: “இன்னா சார், உங்க சொந்தக்காரங்களா?”

“இல்லைங்க. ஒருத்தர் எழுதச் சொன்னார்.”

“அவுரு சொந்தக்காரங்க எல்லாருமா?”

“ஒருத்தர்தான்.”

“அப்ப மீதிய எதுக்கு எழுதறீங்க?”

நான் ஏதோ சொன்னேன்; அவருக்கு அது பதிலாகப் படவில்லை என்று முகத்தில் தெரிந்தது. கொஞ்சம் கழித்து அவரே சொன்னார். “எங்க நைனாவுக்கு மரச்சிலுவ வச்சோம் சார். ரெண்டு மழைக்கு மேல நிக்கல. எடம் தெரியும், அது போதும்.”

அவருடைய கேள்வியையும் அவர் தன் தகப்பனாரைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். இறந்தவன் உறவுக்குச் சொந்தம், உறவுக்கு இடம் தெரிந்தால் போதும், எழுத்து தேவையில்லை. இது வலுவான நிலைப்பாடு. உலகத்தின் பெரும்பகுதி இதில்தான் வாழ்ந்திருக்கிறது. ஆனால் அந்த இடம் தெரிந்தவர் போன பிறகு? அவர் பிள்ளைக்குத் தெரியும். பேரனுக்கு ஏறக்குறையத் தெரியும். அதற்கப்பால் அது வெறும் மணல். அதில் அவருக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

என் தொழிலிலும் அவருடைய கேள்விதான் சட்டம். பத்து வருஷம் யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியில் 2014-ல் ஏற்படுத்திய ஒரு நிதிக்குப் போய்விடுகிறது. கணக்குக்காரரின் பெயர் ஒரு பட்டியலில் ஏறுகிறது. என்றைக்காவது ஒருவர் மரணச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு வந்து கேட்டால் கொடுப்போம். கேட்கும்வரை பெயர் பட்டியலில் கிடக்கும். சொந்தம் கொண்டாட ஒருவன் வந்தால்தான் இறந்தவனுடைய பெயருக்கு உயிர். கவுண்டரில் உட்கார்ந்து இதை ஒரு அநியாயமாக நான் உணர்ந்ததில்லை. பணத்துக்கு இது சரியான விதி. பெயருக்கும் இதே விதி என்று நாம் எப்போது ஒப்புக்கொண்டோம் என்பதுதான் தெரியவில்லை.

ரத்த உறவே பெயருக்கு வாரிசு என்ற நம்பிக்கையை அதன் எல்லைவரை கொண்டுபோனவர்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மார்மன் சபையார். இறந்துபோன மூதாதையருக்காக உயிரோடிருப்பவன் ஞானஸ்நானம் பெறலாம் என்பது அவர்கள் சமயக் கொள்கை. ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆன்மாவின் இஷ்டம் என்றும் சொல்கிறார்கள். அதற்குப் பெயர்கள் வேண்டும். 1894-ல் வம்சாவளிச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தி, உலகெங்கும் சர்ச் பதிவேடுகளையும் மற்ற ஆவணங்களையும் மைக்ரோபிலிமில் எடுத்து, சால்ட் லேக் சிட்டிக்கு அருகே ஒரு கருங்கல் மலையைக் குடைந்து உள்ளே பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். ஹரித்துவாரத்துப் பண்டாக்களின் வம்சாவளிப் பேரேடுகளைக்கூட அவர்கள் படமெடுத்திருக்கிறார்கள். பட்டியல் இப்படிப் பெருகியபோது, ஹிட்லரின் முகாம்களில் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களும் ஞானஸ்நானப் பட்டியலில் ஏறிவிட்டன. யூத அமைப்புகள் எதிர்த்தன. 1995-ல் அப்பெயர்களை நீக்குவதாக ஒப்பந்தமாயிற்று. யூதர்களாக இருந்ததற்காகக் கொல்லப்பட்டவர்களை, இறந்த பிறகு அன்போடு வேறொன்றாக மாற்றுவது. நான் யாருடைய நம்பிக்கையையும் கேலி செய்யவில்லை. பெயர்த்தெழுதிய பெயர் எங்கே போகிறது, என்ன ஆகிறது என்பது எழுதியவன் கையில் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நம்மிடம் வேறொரு ஏற்பாடு இருக்கிறது. ‘நம்மிடம்’ என்ற சொல்லை இங்கே ஜாக்கிரதையாகத்தான் உபயோகிக்க வேண்டும். தர்ப்பணத்தில் தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறைக்கே பெயர். வசு, ருத்திரன், ஆதித்தியன் என்று மூவருக்கும் மூன்று ரூபம். நான்காவது ஆள் பெயரை இழந்து பொதுவில் கலந்துவிடுகிறான். கல்லில் வெட்டி நிரந்தரமாக்கும் ஆசைக்கு நேர் எதிரானது இது. மறதியை ஒரு முறையாக ஆக்கியிருக்கிறார்கள். கடைசியில், தாயோ தகப்பனோ பந்துவோ நண்பனோ இல்லாதவர்களுக்காக ஒரு முறை தண்ணீர் விடுவதும் உண்டு. சொந்தம் கொண்டாட யாருமற்றவர்களுக்கு, முகம் தெரியாத ஒருவன் விடும் நீர். கேட்க உன்னதமாக இருக்கிறது. இதைச் சொல்லிக்கொண்டே அடுத்த தெருவின் பிணம் தன் தெரு வழியாகப் போகக் கூடாது என்று தடுத்த ஊர்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் உன்னதம் கொஞ்சம் குறையும். நம் ஊரில் குடும்ப வரலாறு தேட ஆரம்பித்தவன் பெரும்பாலும் ஜாதி வரலாற்றில் போய் முடிகிறான். ஒரு ராஜாவையோ ஒரு ரிஷியையோ கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை. ஒல்லாந்துக்காரராவது ஒரு இளநிலை வணிகரோடு திருப்திப்படத் தயாராக இருந்தார்.

ஆகவே ஊர்க்காரரின் கேள்விக்கு என் பதில் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதுதான்: மீதியை எழுதுவதில்தான் இந்த வேலை வேலையாகிறது. கேட்ட ஒருவரின் கல்லை மட்டும் எழுதினால் நான் ஒரு குடும்பத்தின் ஏஜெண்ட். வரிசையாகப் போனால், கேட்க நாதியற்றவர்களுக்கும் அதே மை, அதே நேரம், அதே கையெழுத்து. இங்கே பாசம் தேவைப்படவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாசத்தால் செய்கிறவன் தேர்ந்தெடுப்பான்.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் நான் கிரேயைப்போலக் கணக்கை நேர் செய்துவிட்டுப் போகிறவனாகிவிடுவேன். ஜே.ஏ.ஐ.ஐ.பி. பரீட்சைக்குப் படிக்கும்போது ஒரு பாடம் வரும். ட்ரயல் பாலன்ஸ் சரியாக வந்தாலும் கணக்குச் சரி என்று அர்த்தமில்லை; சில வகைப் பிழைகளை அது காட்டாது. அவற்றில் முதலாவது விடுபட்ட பதிவு. ஒரு வரவு-செலவைப் பற்றும் எழுதாமல் வரவும் எழுதாமல் முழுக்கவே விட்டுவிட்டால் இரண்டு பக்கமும் சமமாகவே நிற்கும். தவறாக எழுதியது உறுத்தும். எழுதாமலே விட்டது உறுத்தாது. பழவேற்காட்டுக் கற்கள் அத்தனையையும் ஒரு எழுத்துப் பிசகாமல் நான் எழுதிவிட்டால், என் பட்டியலில் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கும். பட்டியலுக்குள்ளிருந்து பார்த்தால் எதுவும் குறையாது.

பழவேற்காட்டிலிருந்து துணி போனது எல்லோருக்கும் தெரியும். ஆட்களும் போனார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கரையில் பஞ்சமும் படையெடுப்பும் வந்தபோதெல்லாம் ஒல்லாந்துக் கம்பெனி அடிமைகளை மலிவாக வாங்கிக் கப்பலேற்றியது. 1659–61-ல் பீஜப்பூர்ப் படைகளால் தஞ்சைப் பகுதி சீரழிந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் நாகப்பட்டினத்திலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் போனார்கள். படேவியாவுக்கு, இலங்கைக்கு, மலாக்காவுக்கு. விலை, கப்பல், தலைக் கணக்கு எல்லாம் கம்பெனிப் பேரேடுகளில் இருக்கின்றன. இடுகாட்டில் கல்லாகி நிற்கும் வணிகர்களின் பதவிகளும் இந்தப் பேரேடுகளும் ஒரே காரியாலயத்தைச் சேர்ந்தவை. கல்லின் ஓரத்தில் வெட்டப்பட்டிருக்கும் மணல் கடிகாரத்தைப் பார்த்து வாழ்க்கையின் அநித்தியத்தை நினைத்து உருகுகிறவர்கள், அந்தக் கல்லுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்றும் ஒரு நிமிஷம் நினைக்கலாம்.

கல் நியாயமாக நடந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், ஆநிரைப் பூசலில் இறந்த வீரனோடு அவன் நாயும் இருக்கிறது. கோவிவன் என்று நாய்க்குப் பெயரும் வெட்டியிருக்கிறது. ஏறக்குறையப் பதினான்கு நூற்றாண்டுகளாக ஒரு நாயின் பெயர் நிற்கிறது. படிக்கும்போது மனசு நெகிழ்ந்தது உண்மை. அந்த நாய் கடித்த கள்வர் இருவரின் பெயர் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அவர்களும் ஏதோ ஒரு ஊரிலிருந்து ஏதோ ஒரு தேவைக்காக வந்திருப்பார்கள். கல்லை நட்டவன் எந்தப் பக்கமோ கல் அந்தப் பக்கம்.

கப்பலேறியவர்களில் சிலருக்குப் பெயர் கிடைக்கிறது, இங்கே இல்லை, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில். 1652-ல் ஒல்லாந்துக் கம்பெனி அங்கே குடியேற்றம் அமைத்தது. வங்காளம், மலபார், சோழமண்டலம், இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர் என்று பல இடங்களிலிருந்து அடிமைகளைக் கொண்டுபோனார்கள். அங்குள்ள விற்பனைப் பத்திரங்களிலும் சர்ச் பதிவேடுகளிலும் அவர்கள் ஒரு பெயரோடும், வந்த இடத்தின் பெயரோடும் வருகிறார்கள்: இன்னார், வங்காளத்திலிருந்து, இன்னார், கோரமண்டலிலிருந்து. இன்று அங்கே குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் இந்தப் பதிவுகளில்தான் தங்கள் மூதாதையரைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் அந்த முதல் பெயர்? ஜனவரி, பெப்ரவரி, செப்டம்பர் என்று மாதங்களின் பெயர்; கியூபிட், சிபியோ என்று ரோமாபுரிப் பெயர்; பைபிள் பெயர். வாங்கியவன் தன் இஷ்டத்துக்கு வைத்தது. செப்டம்பர் என்பது அங்கே இன்றைக்கும் குடும்பப் பெயராக இருக்கிறது. ‘கோரமண்டலிலிருந்து’ என்பதும் ஒரு ஊரைச் சொல்லவில்லை. எழுநூறு கிலோமீட்டர் கடற்கரையில் எங்கே என்று தேடுவது? பழவேற்காட்டில் கிடக்கும் வணிகர் பிறந்த ஊரை அவர் கல் சொல்கிறது. இந்த ஊரில் பிறந்தவனுக்கு ஒரு கரைதான் மிஞ்சியது.

இந்த இடத்தில் நம் எழுத்தாள நண்பர்கள் சொல்லக்கூடியது எனக்குத் தெரியும்; ஒருவர் சொல்லியும் விட்டார். பதிவேடு விட்டதை இலக்கியம் நிரப்ப வேண்டும். அந்த அடிமைக்கு ஒரு பெயர் கொடு, ஒரு தாய் கொடு, ஒரு பஞ்சத்து இரவு கொடு. பிரதி எடுக்கிறவனால் முடியாததைக் கலைஞன் செய்வான். சொல்லும்போதே அவர் குரலில் ஒரு நாவலின் முதல் அத்தியாயம் தொனித்தது. எனக்கு இது சம்மதமில்லை. பெயரில்லாத ஒருவனுக்குத் தன் இஷ்டப்படி பெயர் வைப்பது என்பது கேப்பில் அவனை வாங்கியவன் செய்த அதே காரியம். நோக்கம் வேறு என்பீர்கள். நோக்கம் வேறுதான். ஆனால் அவன் தாய் அவனை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்பது இழந்துபோன ஒரு உண்மை. அந்த இடத்தில் முத்து என்றோ மாரி என்றோ ஒரு பெயரை நான் எழுதிவிட்டால், படிக்கிறவன் மனசில் பள்ளம் மூடிக்கொண்டுவிடுகிறது. ஒரு துக்கத்தை அனுபவித்த திருப்தியோடு அவன் புத்தகத்தை மூடுவான். இழப்பு இழப்பாக இல்லாமல் ஒரு கதாபாத்திரமாகிவிடும்.

டோனி மாரிசன் 1987-ல் எழுதிய நாவல் இந்த விஷயத்தில் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அடிமையாக இருந்து தப்பி வந்த தாய், இறந்த குழந்தைக்குக் கல் வைக்கிறாள். ஒரே ஒரு சொல்லுக்குத்தான் அவளால் விலை கொடுக்க முடிகிறது, அந்த விலையும் பணம் இல்லை. இறுதிச் சடங்கில் பாதிரியார் உச்சரித்த ‘பிலவெட்’, அன்புக்குரிய, என்ற ஏழு எழுத்துச் சொல் கல்லில் ஏறுகிறது. நாவலின் பெயரும் அதுதான். அந்தக் குழந்தைக்கு வேறொரு பெயர் வைக்க மாரிசனுக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? வைக்கவில்லை. கல்லில் என்ன இருந்ததோ அதை மட்டும் பெயர்த்தெழுதினார் என்று எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. கல்லையும் அவரே கற்பனை செய்தார் என்ற ஆட்சேபணை செல்லும். ஆனாலும் எங்கே நிறுத்துவது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கல்வெட்டு ஆய்வாளர்கள் இந்த நிறுத்தத்தை ஒரு இலக்கணமாகவே வைத்திருக்கிறார்கள். 1931-ல், ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரத்தில் கூடி ஒரு முறை வகுத்தார்கள். கல்லில் அழிந்துபோய், ஆய்வாளர் ஊகித்துச் சேர்த்த எழுத்தைப் பகர அடைப்புக்குள் போட வேண்டும். ஊகிக்க முடியாமல், எத்தனை எழுத்து என்று மட்டும் தெரிந்தால் எழுத்துக்கு ஒரு புள்ளி. அதுவும் தெரியாவிட்டால் அதற்கு வேறு குறி. சந்தேகமான எழுத்தின் கீழே ஒரு புள்ளி. எனக்கு இது பிரமாதமான விமர்சனக் கோட்பாடாகவே படுகிறது. எது இருந்தது, எது நான் போட்டது, எது போய்விட்டது என்று மூன்றையும் ஒரே வரியில் பிரித்துக் காட்ட முடிகிறது. நம் கவிதைத் தொகுப்பாளர்களும் நினைவுக் கட்டுரை எழுதுகிறவர்களும் இதில் பாதி நாணயத்தைக் காட்டினால்கூட நல்லது; அவர்கள் எழுதும் எதிலும் பகர அடைப்பே கிடையாது.

ஆனால் புள்ளி வைக்கக் கல் வேண்டும். மூன்று எழுத்து அழிந்தது என்று சொல்ல, நாலாவது எழுத்து நிற்க வேண்டும். கல்லே இல்லாதவனுக்கு எந்தக் குறியும் லெய்டனில் இல்லை. இங்கிலீஷ் கிராமத்துச் சங்கங்களின் வரைபடம் இதைவிட ஒரு படி மேலே போகிறது. வாசகமில்லாத மேட்டுக்கும் அதில் இடம் உண்டு. பழவேற்காட்டில் அந்த விதியை எங்கே நிறுத்துவது? சுற்றுச்சுவருக்குள் நிறுத்துவதா, மரச்சிலுவை நின்ற மணல்வரையா, கப்பல் நின்ற தண்ணீர்வரையா? என் வரைபடம் சுவரோடு நிற்கிறது. சுவருக்கு வெளியே தாளில் நிறைய வெள்ளை இருக்கிறது. ஏரி அந்தப் பக்கம் என்று ஒரு அம்புக்குறி மட்டும் போட்டிருக்கிறேன். அதில் ஏதாவது எழுத வேண்டும் என்று கை பல தடவை போனது, எழுதவில்லை. வெற்றிடத்தை வெற்றிடமாக விட்டால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் காகிதம்தானே என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. வெள்ளைத்தாள் சாட்சி சொல்லாது. கேப் பதிவேடுகளையும் கம்பெனிக் கணக்குகளையும் பழவேற்காட்டுப் பட்டியலோடு ஒரே புத்தகமாகத் தைத்து வைத்தால் ஒருவேளை சொல்லும். பெயர் இருக்கிற பக்கத்துக்கு எதிரே தலைக் கணக்குப் பக்கம், அதற்குப் பிறகு செப்டம்பர். அதை ஒரு குமாஸ்தாவின் ஞாயிற்றுக்கிழமைகளில் முடிக்க முடியாது. ஆனால் செய்ய முடியாத வேலையும் இல்லை. எல்லாம் எங்கோ ஒரு அலமாரியில் எழுத்தாக இருக்கிறது.

ஒல்லாந்துக்காரருக்கு அவர் கேட்ட கல்லை மட்டும் அனுப்பவில்லை. எண் வரிசைப்படி எல்லாவற்றையும், வரைபடத்தோடு, அனுப்பினேன். கம்பெனிப் பேரேடுகள் அவர் தேசத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, வாய்த்தால் பாருங்கள் என்றும் ஒரு வரி சேர்த்தேன். பதில் வந்துவிட்டது. நன்றி சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வரியைப் பற்றி எதுவும் இல்லை. அவருடைய மூதாதையின் பெயரில் நான் கீழ்ப்புள்ளி வைத்து அனுப்பிய எழுத்து ‘சி’-யா ‘ஜி’-யா என்று மறுபடி பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். அதைப் பொறுத்து அது அவர் குடும்பமாகவும் இருக்கலாம், வேறு யாராவதாகவும் இருக்கலாம். பார்க்கலாம். வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் எழுத்துக்கு நிழல் விழாது. காலை எட்டு மணிக்குள் கண்ணாடியோடு அங்கே இருக்க வேண்டும்.